தொண்டிக் கரையில் சிறு பாய்ப்படகோடு ஒரு முழு நாள்: எப்போது கிளம்புவது, எவ்வளவு தூரம் போவது?

ஏரியில் பாய்ப்படகு ஓட்டும் அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்கிறீர்கள். பெரிய பாயும் முன்பாயும் கொண்ட 14 அடிக்கு உட்பட்ட படகு ஒன்று கிடைக்கிறது. நண்பர் ஒருவரோடு தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துக் கடலில் காலை முதல் மாலை வரை அவசரமில்லாமல் ஓட்ட வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எவ்வளவு தூரம் போகலாம், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏரியில் கற்றது கடலுக்குப் போதுமா என்பதுதான் இவற்றுக்கு அடியில் இருக்கும் உண்மையான கேள்வி. பாயைப் பிடிக்கவும் சுக்கானைத் திருப்பவும் அது போதும். ஆனால் ஏரியில் கயிறு அறுந்தாலும் சுக்கான் உடைந்தாலும் காற்று உங்களை ஏதோ ஒரு கரையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கடலில் ஒரு பக்கம்தான் கரை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதை மணிக்கு மணி கவனித்து, அதையொட்டி நாளை வகுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் மாதம். தொண்டிக் கடல் அடங்கிய பாக் விரிகுடாவை மீனவர்கள் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். அமைதியான கடல் என்ற பெயரை நம்பி எந்த மாதத்திலும் இறங்கிவிட முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ராமேஸ்வரம் தீவைத் தாண்டி விரிகுடாவுக்குள் பலமாக வீசும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்ததும் இந்தப் பருவத்தில்தான். உங்களைப் போன்ற தொடக்கநிலைக்காரர்களுக்கு ஏற்றது பிப்ரவரி பின்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் அப்போது கடலில் நெரிசல் குறையும். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து பிற்பகல் இடிமழை தொடங்கிவிடுகிறது. மேற்கே உள்நாட்டில் எழும் மேகம் மாலையில் கரைக்கு வரும்போது அதற்கு முன்னால் திடீர்க் காற்று ஓடிவரும். அந்த நாட்களில் மேற்கு வானில் தட்டையான தலையுடன் மேகம் உயர்ந்து நிற்பதைக் கண்டால், மணி என்னவானாலும் கரைக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது ஒரு நாளுக்குள் காற்று மாறும் விதம். மார்ச் மாதத்துத் தெளிந்த நாளில், இரவு முழுக்கக் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வீசும். அது விடிந்து சில மணி நேரம் நீடித்து, ஒன்பது பத்து மணிக்குள் ஓய்ந்துபோகும். பிறகு ஒரு மணி நேரமோ கூடுதலாகவோ கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். நிலம் சூடேறியதும் கிழக்கிலிருந்து கடற்காற்று இறங்கும். அது பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது தணியும். இந்த வரிசை உறுதியானது. கடற்காற்று பதினொன்றரைக்கு வருமா ஒன்றரைக்கு வருமா என்பது உறுதியில்லாதது. முந்தைய நாள் எப்போது வந்தது என்று கரையில் வலை பிரிக்கிறவரைக் கேளுங்கள். பெரும்பாலான கைப்பேசிச் செயலிகளைவிட அந்தப் பதில் பயன்படும்.

காலைக் கடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். கரையிலிருந்து வீசும் காற்றில் கரையோரத்துக் கடல் கண்ணாடியாக இருக்கும், அலையே இராது. நிலத்தின் மறைவில் காற்றும் மெலிந்தே தெரியும். பார்த்ததும் இறங்கத் தோன்றும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் காற்று கூடியிருக்கும், அலையும் எழும்பியிருக்கும். அங்கே ஏதாவது உடைந்தால் காற்று உங்களைக் கிழக்கே, நடுக்கடலுக்குத் தள்ளும். பிற்பகல் கடற்காற்றில் கரையோரம் சிறு அலை சளசளவென்று அடிக்கும், பார்க்கச் சற்று முரட்டுத்தனமாகவும் இருக்கும். ஆனால் அப்போது எது உடைந்தாலும் காற்றே உங்களைக் கரையில் சேர்த்துவிடும். பாறைக்கரையில் இது ஆபத்து. தொண்டியைச் சுற்றியுள்ள ஆழமற்ற மணலும் சேறுமான கரையில் சிறு படகுக்கு இது பாதுகாப்பு. எனவே மேல்காற்று இருக்கும்வரை கரையிலிருந்து 500 மீட்டருக்குள் இருங்கள். கடற்காற்று நிலைத்த பிறகு ஒன்றரை கிலோமீட்டர் வரை விலகலாம்.

இந்தக் கரை ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுகிறது. காற்று மேற்கிலிருந்து வந்தாலும் கிழக்கிலிருந்து வந்தாலும், கரையை ஒட்டி ஓடும் படகுக்கு அது விலாப்பக்கக் காற்றுதான். பாய்ப்படகுக்கு மிக எளிய, மிகச் சுகமான ஓட்டம் இதுவே. எதிர்காற்றில் வளைந்து வளைந்து ஏற வேண்டியதில்லை, பின்காற்றில் பூம் (பெரிய பாயின் அடியைத் தாங்கும் கட்டை) தலைக்கு மேல் தாவுமோ என்று அஞ்ச வேண்டியதுமில்லை. நிதானமான நாள் வேண்டும் என்றால் கரையைவிட்டு வெளியே போகும் ஆசையை விட்டுவிட்டு, கரையோடு இணையாகப் போய் இணையாகத் திரும்புங்கள். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் காற்று பெரும்பாலும் தென்கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து வரும். அதனால் காலையில் தெற்கே போய்ப் பிற்பகலில் வடக்கே திரும்புவது நல்லது. திரும்பும்போது காற்று சற்றே பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். பிப்ரவரியில் வடக்கேயிருந்து வரும் வாடைக்காற்றின் மிச்சம் இருந்தால் இதைத் தலைகீழாக்கி, காலையில் வடக்கே போங்கள்.

தூரத்தைத் துடுப்பால் அளக்க வேண்டும், பாயால் அல்ல. மணிக்கு 15 கி.மீ. காற்றில் இத்தகைய படகு மணிக்கு 5 முதல் 7 கி.மீ. ஓடும். அந்தக் கணக்கில் 15 கி.மீ. போய்வரலாம் என்றுதான் தோன்றும். காற்று நின்றுவிட்டால் இரண்டு பேர் துடுப்புப் போட்டு மணிக்கு இரண்டரை கி.மீ.தான் நகர முடியும், அதுவும் வெயிலில். எனவே புறப்பட்ட இடத்திலிருந்து 5 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள். இரண்டு மணி நேரத் துடுப்பில் திரும்பிவிடலாம். முழு நாளுக்கு இது குறைவாகத் தோன்றினால் அதே 5 கி.மீ.க்குள் இரண்டு முறை போய்வாருங்கள்.

அனுமதி விஷயத்தில் தயங்காமல் கேளுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் முந்தைய நாளே படகின் அடையாளம், இருவர் பெயர், புறப்படும் இடம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் சொல்லி, என்ன நடைமுறை என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். அடையாள அட்டையை நீர் புகாத பையில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே ராமேஸ்வரம் பக்கம் நீட்டிக்க ஆசை வந்தால், அங்கே பன்னாட்டுக் கடல் எல்லை கரைக்கு நெருக்கமாக வருகிறது, 1974 ஒப்பந்தப்படி கச்சத்தீவு இலங்கைப் பக்கம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முதல் நாள் பயணத்துக்கு உகந்த இடம் அது இல்லை. கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் கைப்பேசியில் சேமிப்பதோடு, அழியாத மையால் படகின் உள்பக்கத்திலும் எழுதிவிடுங்கள். இந்திய வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை, காற்று முன்னறிவிப்பையும் முந்தைய இரவும் அன்று விடிகாலையும் பாருங்கள். மணிக்கு 10 முதல் 18 கி.மீ. காற்று என்றால் உங்களுக்குப் பொருத்தம். 25 கி.மீ.க்கு மேல் சொன்னால் அன்று கரையிலேயே இருங்கள்.

படகைத் தண்ணீரில் இறக்குமுன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதிகம் மறக்கப்படுவது பின்பக்க வடிகால் துளையின் அடைப்பான். அது இல்லாமல் கிளம்பினால் படகு மெல்ல மெல்ல மந்தமாகும், காரணம் புரியும்போது கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். உள்ளே காற்றுப்பைகள் வைத்த படகானால் முந்தைய மாலையே ஊதி வையுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் ஓட்டை இருக்கிறது, அன்று கிளம்பக் கூடாது. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளின் நுனிகளை விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இழை பிரிந்து குத்தினாலும் அந்தக் கம்பியை மாற்ற வேண்டும். கம்பிகளைப் பூட்டும் சிறு வளையங்கள் மீது டேப் சுற்றுங்கள், பாய்க்கயிறு அவற்றில் மாட்டிப் பிடுங்கிவிடுவது சாதாரணமாக நடப்பது. பெரிய பாயின் கயிற்று நுனியில் எட்டு வடிவ முடிச்சுப் போடுங்கள். சுக்கான் அதன் கொக்கியிலிருந்து மேலே கழன்றுவிடாமல் தடுக்கும் சிறு தகடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். கவிழும்போது கழன்று மிதந்து போகும் முதல் பொருள் சுக்கான்தான்.

எடுத்துப்போக வேண்டியவற்றில் முதலிடம் தண்ணீருக்கு. மார்ச் வெயிலில் ஓர் ஆளுக்கு 4 லிட்டர், அதுவும் ஒரே கேனில் இல்லாமல் நான்கு பாட்டில்களாக, ஒவ்வொன்றும் படகோடு கட்டப்பட்டு. மிதவை அங்கி இருவருக்கும், படகில் கால் வைக்கும்போதே அணிந்து இறுக்கியபடி. 50 நியூட்டன் மிதப்பு விசை கொண்ட அங்கி நீந்தத் தெரிந்தவர்கள் கரையோரத்தில் அணிவது. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பி வைக்கும் வேலை அதன் வேலையல்ல. நண்பருக்கு நீச்சல் சரியாகத் தெரியாது என்றால் 100 நியூட்டனோ அதற்கு மேலோ வாங்குங்கள். இரண்டு துடுப்பு, தண்ணீர் இறைக்கக் கயிறு கட்டிய வாளி, விசில், கத்தி, நீர் புகாத பையில் கைப்பேசி, உடைந்ததைக் கட்ட 4 மி.மீ. கயிறு சில மீட்டர், ஓரிரு ஷாக்கிள் (கயிறு, கம்பிகளை இணைக்கும் உலோகப் பூட்டு வளையம்), டேப். நங்கூரம் 3 முதல் 4 கிலோ, அதோடு 2 மீட்டர் சங்கிலி, 30 மீட்டர் நைலான் கயிறு. முழுக்கைச் சட்டை, நாடா கட்டிய தொப்பி. சட்டை வெயிலுக்கு மட்டுமல்ல, சொறி எனப்படும் ஜெல்லி மீனிடமிருந்தும் காக்கும்.

ஓடும்போது பெரிய பாயை இவ்வாறு சரிசெய்யுங்கள்: பாய்மரத்தை ஒட்டிய விளிம்பு படபடக்கத் தொடங்கும்வரை கயிற்றை விடுங்கள், படபடப்பு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் படகு சாயுமே தவிர விரைவதில்லை. முன்பாயின் இருபுறமும் ஒட்டிய கம்பளி நூல்கள் இரண்டும் நேராகப் பின்னால் பறந்தால் பாய் சரியாக இருக்கிறது. உட்பக்க நூல் துள்ளினால் கயிற்றை இழுங்கள், வெளிப்பக்க நூல் துள்ளினால் விடுங்கள். விலாக்காற்றில் சென்டர்போர்டு, அதாவது படகின் நடுவில் நீருக்குள் இறக்கும் பலகை, பாதி இறங்கியிருந்தால் போதும். படகைத் தட்டையாக ஓட்டுங்கள். சாய்ந்து ஓடுவது வேகமாகத் தெரியும், ஆனால் சாய்ந்த படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், சுக்கானோடு மல்லுக்கட்டியே கை ஓய்ந்துவிடும். இந்த விரிகுடாவில் ஓடிய வத்தை என்னும் மூன்று பாய்மர நாட்டுப்படகுகளில் காற்று வரும் பக்கம் நீண்ட பலகையை நீட்டி அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்தது இதே காரணத்துக்காகத்தான். உங்களுக்குப் படகின் விளிம்பே பலகை. பெரிய பாயின் கயிற்றை எப்போதும் கையில் வைத்திருங்கள், பூட்டி வைக்காதீர்கள். வேகக்காற்று தாக்கும்போது அரை மீட்டர் கயிறு விட்டால் படகு நிமிர்ந்துவிடும்.

வலைகளைப் பற்றி. கரையோரம் நண்டு வலைகளும், கம்பு நட்டுக் கட்டிய வலைகளும் நிறைய. கொடி கட்டிய மிதவை தெரிந்தால் அதன் இணை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், வலை இரண்டுக்கும் நடுவே கிடக்கும். இணை தெரியாவிட்டால் சுற்றிப் போங்கள். மாட்டிக்கொண்டால் பாயைத் தளர்த்தி, சென்டர்போர்டையும், சுக்கானில் நீருக்குள் இருக்கும் தகட்டையும் மேலே தூக்குங்கள். பெரும்பாலும் படகு தானாக வழுக்கி விடுபடும். வலையை அறுக்காதீர்கள். அது ஒரு குடும்பத்தின் சில மாதச் சம்பாத்தியம்.

மதியச் சாப்பாட்டுக்கு, காற்று நின்ற இடைவெளியில் நங்கூரம் போடுவது நல்லது. விரிகுடா ஆழமற்றது, கரையோரம் இரண்டு மூன்று மீட்டர்தான். ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது கயிறு விட வேண்டும், அதாவது 3 மீட்டர் ஆழத்துக்குப் படகின் உயரத்தையும் சேர்த்து 18 மீட்டர் போல. கடலடியில் கருமையாகத் தெரிவது கடல்புல், வெளிறித் தெரிவது மணல். மணலில் போடுங்கள். புல்மேல் போட்ட நங்கூரம் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கும்போது புல்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு இந்தப் புல்லைத்தான் மேய்கிறது. தொண்டிக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பை அதற்கான பாதுகாப்பகமாக 2022இல் தமிழக அரசு அறிவித்ததும் இதனால்தான். கயிற்றைப் படகின் முன்முனையான அணியத்தில் கட்டுங்கள், பின்பக்கம் கட்டினால் சிறு அலையும் உள்ளே ஏறும். கரையில் இரண்டு அடையாளங்களை, ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு பிரிந்தால் நங்கூரம் இழுபடுகிறது.

கடற்காற்று வரும்போது கிழக்கே நீரின் நிறம் கருக்கும், பிறகு அந்தக் கருப்பு நெருங்கி வரும். அது எட்டுவதற்குள் நங்கூரத்தை எடுத்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் காற்று எவ்வளவு வலுக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். ஆழமற்ற கடல் என்பதால் இங்கே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து எழும். உயரம் அரை மீட்டர்தான், ஆனால் அணியம் ஒன்றில் இறங்கி முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும். எங்கும் வெண்நுரை தெரிந்து, இருவரும் விளிம்பில் உட்கார்ந்தும் அடிக்கடி கயிறு விட வேண்டியிருந்தால் பாய் அதிகம். பாயைச் சுருக்க வசதியிருந்தால் சுருக்குங்கள். இல்லாவிட்டால் பெரிய பாயை இறக்கிக் கட்டிவிட்டு முன்பாயோடு மட்டும் ஓடுங்கள். காற்று பின்விலாவிலிருந்து வரும் திரும்பும் வழியில் அது போதும், மெதுவாகப் போனாலும் படகு அடங்கிப் போகும். பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்ற நேர்ந்தால், பூமைத் தாவவிடாமல், சுற்றிக்கொண்டு காற்றை நோக்கித் திரும்பி மாற்றுங்கள். அரை நிமிடம் கூடுதலாகும், தலை தப்பும்.

கவிழ்ந்தால் முதல் வேலை, இருவரும் தண்ணீருக்கு மேலே இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்துப் பார்ப்பது. பாய்க்கயிறுகளை விடுவியுங்கள், சென்டர்போர்டை முழுதாக வெளியே தள்ளுங்கள். ஒருவர் அதன்மேல் ஏறி முன்பாய்க் கயிற்றைப் பிடித்துச் சாய வேண்டும். மற்றவர் படகின் உட்பக்கம் நீரோடு ஒட்டிக் கிடந்தால் படகு நிமிரும்போது அவரையும் அள்ளிக்கொள்ளும். பாக் விரிகுடாவில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று மீட்டர் ஆழத்தில் ஆறு மீட்டர் பாய்மரம் தலைகீழானால் நுனி சேற்றில் குத்தும். அப்போது சென்டர்போர்டில் ஏறி உந்தினால் மரம் வளையும், ஒடியவும் கூடும். இருவரும் படகைவிட்டு இறங்கி, அணியத்தைப் பிடித்துக் காற்றை நோக்கித் திருப்பி, குத்திய வழியிலேயே மரம் வெளிவரும்வரை பொறுமையாக இழுக்க வேண்டும். இதைத் தவிர்க்க ஒரே நல்ல வழி, பாய்மர உச்சியில் சிறு மிதவை கட்டுவது. படகு பக்கவாட்டில் கிடக்குமே தவிர முழுதாகக் கவிழாது. என்ன ஆனாலும் படகைவிட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். கரை பார்ப்பதற்கு எப்போதும் அருகில்தான் தெரியும். தேடுபவர் கண்ணுக்கு மிதக்கும் படகுதான் படும், தலை படாது.

கரையேறும்போது கடற்காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால், 200 மீட்டர் வெளியிலேயே காற்றை நோக்கித் திரும்பிப் பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாயோடு உள்ளே வாருங்கள். ஆழம் குறையக் குறைய சென்டர்போர்டையும் சுக்கான் தகட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். முழங்கால் ஆழத்தில் காலணியோடு இறங்கி, பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப்போகும், மிதித்தால் வாலால் அடிக்கும். ஏறியதும் காவல் நிலையத்துக்கும் வீட்டுக்கும் திரும்பிவிட்டதைச் சொல்லுங்கள்.

உங்கள் படகை நான் பார்க்கவில்லை, உங்கள் இருவரின் உடல் வலுவும் எனக்குத் தெரியாது. ஆகவே ஒரு சோதனையை உங்களிடமே விடுகிறேன். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, துணைக்கு இன்னொரு படகை வைத்துக்கொண்டு, ஆழமுள்ள பாதுகாப்பான நீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, நீங்கள் இருவர் மட்டுமாக நிமிர்த்தித் தண்ணீரை இறைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிறகு இடம் மாற்றிக்கொண்டு இன்னொரு முறை. இரண்டு முறையும் பதினைந்து நிமிடத்துக்குள் ஓடும் நிலைக்கு வந்தால் மார்ச்சில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். வராவிட்டால், இந்த ஆண்டு மூன்றாவது ஆளாக அனுபவமுள்ள ஒருவரை ஏற்றிக்கொள்ள இடமுள்ள பெரிய படகைத் தேடுங்கள்.